மாட்டுப் பண்ணையும் நடத்திய கல்லூரிப் பதிவாளரின் நினைவு ஆராதனையில் என்ன பேசலாம்?

கேள்வி: விச்சிட்டாவாசி

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், போரில் பங்கேற்க மறுக்கும் கிறித்தவப் பிரிவான மென்னோனைட் திருச்சபையினர் நடத்தும் சிறிய கல்லூரி ஒன்றின் பதிவாளர் அலுவலகத்தில் நான் சில ஆண்டுகள் பணியாற்றினேன். விச்சிட்டாவில் முதுகலைப் படிப்பை முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை அது. அப்போது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சென்ற வாரம் தமது 84ஆம் வயதில் காலமானார். பதிவாளராகவும் பிறகு நிர்வாகத் துணைத் தலைவராகவும் இருந்த அவர், ஊருக்குக் கிழக்கே ஃபிளின்ட் ஹில்ஸ் புல்வெளியில் தகப்பனார் காலத்து மாட்டுப் பண்ணையையும் கடைசிவரை விடாமல் நடத்தினார். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவார். பாடகர் குழுவில் பேஸ் என்னும் ஆண்களின் தாழ்ந்த குரலில் பாடுவார். பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகு அவருடைய நாட்காட்டியில் அவர்களுடைய காரியங்களே முதலில் எழுதப்பட்டன. கல்லூரிக் குழுக்கூட்டங்களுக்கு மிச்சமிருந்த நாள்கள்தாம் கிடைத்தன.

வரும் சனிக்கிழமை நடக்கும் நினைவு ஆராதனையில் ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று அவருடைய மகள் கேட்டிருக்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டேன். எழுத உட்கார்ந்தால், இரங்கல் கூட்டங்களில் நாம் வழக்கமாகச் சொல்லும் 'பண்பாளர், பக்திமான், பாசமிகு தாத்தா' என்ற வரிசைக்கு மேல் எதுவும் வரவில்லை. அந்த மூன்றும் உண்மைதான் என்றாலும், அவரை அறியாத ஒருவர் கேட்டால் அதில் எந்த மனிதரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்.

என்னிடம் உறுதியாக இருப்பது சில நிகழ்ச்சிகள். நம் ஊர் மாணவர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. கடவுச்சீட்டில் ஒரே பெயராக இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயருக்கான இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக 'எஃப்என்யூ' என்று அச்சிட்டு விடுவார்கள். அதைக் கணினி ஒரு பெயராகவே எடுத்துக்கொள்ள, வங்கிக் கடிதம் முதல் நூலக அட்டை வரை அந்த மூன்றெழுத்துதான் தொடரும். எங்கள் கல்லூரியின் பட்டச் சான்றிதழில் மட்டும் அது வரக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஒவ்வொரு வெளிநாட்டு மாணவரையும் அழைத்து உட்கார வைத்து, தகப்பனார் பெயர் எது, சொந்தப் பெயர் எது, வீட்டில் எப்படி அழைப்பார்கள் என்று கேட்டு, ஒலியைத் தம் கையெழுத்தில் தமக்குப் புரியும்படி குறித்துக்கொள்வார். பட்டமளிப்பு விழாவில் பெயர்களை வாசித்தவர் அவரே. 'யாழினி' என்ற பெயரை அவர் ஏறக்குறையச் சரியாக உச்சரித்த நாளில், மதுரையிலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணின் தாயார் எழுந்து நின்று கைதட்டினார்.

இன்னொன்று, நான் சேர்வதற்கு முன்பு நடந்தது; அலுவலக மூத்தவர்கள் சொல்லக் கேட்டது. 1980களில் அமெரிக்க உழவர்களுக்குக் கடன் வட்டி தாங்க முடியாமல் ஏறி, நிலத்தின் விலையோ சரிந்து, பலர் பண்ணையை இழந்தார்கள். கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டிய கெடு ஆகஸ்டில் வரும். கன்று விற்றுப் பணம் பார்ப்பதோ இலையுதிர் காலத்தில். இந்த இடைவெளி அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கணக்குத் தலைப்பாகத் தெரிந்திருக்கலாம். அவரும் மாடு விற்றுக் கடன் அடைப்பவர் என்பதால் அவருக்கு அது தம் வீட்டு நிலவரமாகவே தெரிந்திருந்தது. உழவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கெடுவைக் கன்று விற்பனைக்குப் பிறகு தள்ளிவைக்கும்படி நிர்வாகத்திடம் வாதாடி வாங்கினாராம்.

என் ஐயங்கள் இவை. அவருடைய இறைநம்பிக்கையைப் பற்றி, அந்தத் திருச்சபையைச் சேராத நான், அவர்கள் முன்னால் எப்படிப் பேசுவது? 1960களில் கட்டாய இராணுவச் சேவைக்கு உள்ளச்சான்றின் அடிப்படையில் மறுப்புத் தெரிவித்து, அதற்கு மாற்றாக டென்வர் மருத்துவமனை ஒன்றில் இரண்டு ஆண்டுகள் நோயாளிகளைத் தூக்கிக் கிடத்தும் ஊழியராக அவர் வேலை செய்ததைச் சொல்லலாமா? கூட்டத்துக்கு வரும் பண்ணை நண்பர்களில் முன்னாள் படைவீரர்கள் பலர் இருப்பார்கள். மாட்டுப் பண்ணையைப் பற்றி எனக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது, அதை விட்டுவிடலாமா?

மறுமொழி: மேரியன் மருமகள்

சகோதரருக்கு வணக்கம். தங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். நான் கான்சஸின் மேரியன் மாவட்டத்து மென்னோனைட் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். மாமனார், பெரிய மாமனார் என்று சில ஆராதனைகளில் குடும்பத்தாரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அடக்கம் காலையிலேயே, குடும்பத்தார் மட்டும் கூடியிருக்க, கல்லறைத் தோட்டத்தில் முடிந்துவிடும். அதன்பிறகுதான் ஆலயத்தில் நினைவு ஆராதனை. அங்கே பிறப்பு, திருமுழுக்கு, திருமணம், வேலை, பிள்ளைகள், நோய், மறைவு என்று இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றைக் குடும்பத்தில் ஒருவர் எழுதி வாசிப்பார். இது அவர்களுடைய முன்னோர் ஜெர்மன் மொழியில் எழுதிவந்த காலத்திலிருந்து தொடரும் வழக்கம். ஆகவே எந்த ஆண்டில் பதிவாளரானார், எந்த ஆண்டில் ஓய்வு பெற்றார் என்பவற்றைத் தாங்கள் தொடவே வேண்டாம். மகள் தங்களிடம் கேட்பது குடும்பத்தாருக்குத் தெரியாத அலுவலக மனிதரைத்தான். அந்தப் பெயர் குறித்துக்கொள்ளும் நிகழ்ச்சி அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் வீட்டில் போய்ச் சொல்லியிருக்க மாட்டார்.

சொல்லியிருக்க மாட்டார் என்று நான் துணிந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. தன்னை முன்னிறுத்தாமல் இருப்பதை இந்தச் சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பழகி வைத்திருக்கிறது. புகழ்ச்சி மிகுந்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் மடியில் வைத்திருக்கும் நிகழ்ச்சித் தாளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நம் ஊர் இரங்கல் கூட்டங்களில் அடைமொழி குறைந்தால் மரியாதைக் குறைவு. இங்கே அடைமொழி கூடினால் சங்கடம். நம்பிக்கையைப் பற்றிப் பேச நீங்கள் அந்தத் திருச்சபையைச் சேர்ந்தவராக இருக்கத் தேவையில்லை. கூட்டத்தைத் தொடங்குமுன் ஜெபித்தாரா, கருத்து வேறுபாடு வந்தபோது வேத வசனத்தைக் காட்டி மற்றவர்களை வாயடைத்தாரா அல்லது அப்படிச் செய்யாமல் இருந்தாரா, கோபம் வந்தால் என்ன செய்தார் என்று அருகில் இருந்து பார்த்தவர் தாங்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். அதற்கு மேல் போதகர் பார்த்துக்கொள்வார்.

இராணுவச் சேவை மறுப்பைப் பற்றி. தாங்கள் நினைப்பதைவிட அது பழைய கதை. இவர்களுடைய முன்னோர் 1874இல் ரஷ்யப் பேரரசை விட்டுக் கான்சஸுக்கு வந்து சாந்தா ஃபே இரயில் நிறுவனத்திடம் நிலம் வாங்கிக் கோதுமை விதைத்ததற்கு முக்கியக் காரணமே, அங்கே அதுவரை அவர்களுக்கு இருந்த இராணுவச் சேவை விலக்கு பறிபோனதுதான். இங்கே வந்த பிறகும் தொல்லை விடவில்லை. முதல் உலகப்போர் முடிந்த அதே நாளில், 1918 நவம்பர் 11 அன்று, போர்க் கடன் பத்திரம் வாங்க மறுத்த ஒரு மென்னோனைட் உழவரைக் கூட்டம் ஒன்று பர்ட்டன் என்ற ஊருக்கு இழுத்துச்சென்று மஞ்சள் சாயம் பூசி, தூக்கிலிடவும் முனைந்தது. இரண்டாம் உலகப்போரில்தான் அரசு முறையான மாற்றுச் சேவையை ஏற்படுத்தியது. 1941 முதல் 1947 வரை ஏறக்குறைய 12,000 பேர் அதில் காடு வளர்ப்பிலும் மனநல மருத்துவமனைகளிலும் வேலை செய்தார்கள். தங்கள் மேலதிகாரி செய்தது 1952க்குப் பிறகு வந்த அதன் அடுத்த வடிவம். எனவே இது குடும்பத்தார் வாசிக்கும் வரலாற்றில் கட்டாயம் இடம்பெறும். தாங்கள் மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லத் தோன்றினால் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் 'ஃபாஸ்பா' இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிச் சுட்ட இரட்டை ரொட்டி, பாலாடைக்கட்டி, இறைச்சித் துண்டு, காப்பி. உடனே புறப்பட்டுவிடாமல் அதற்கு இருங்கள். மேடையில் சொல்ல முடியாதவை அங்கேதான் பேசப்படும்.

மறுமொழி: மேய்ச்சல் புலம்

தம்பி, நான் மான்ஹாட்டன் நகரத்துக் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடைத் தீவன ஆய்வில் இருந்து ஓய்வு பெற்றவன். பண்ணையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடவே கூடாது. அன்றைக்கு ஆலயத்தில் பாதிப்பேர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாட்டுக்காரர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு அவர் பதிவாளர் என்பது இரண்டாம்பட்சம்.

ஃபிளின்ட் ஹில்ஸ் என்பது என்ன இடம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேல்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையும் தீக்கல்லும் கிடப்பதால் ஏர் இறங்கவில்லை. ஏர் இறங்காததால் புல் பிழைத்தது. ஒரு காலத்தில் வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் 17 கோடி ஏக்கர் அளவுக்குப் பரந்திருந்த உயர்புல் வெளியில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு, அதில் பெரும்பகுதி இங்கேதான். இந்தப் புல்லைக் காப்பாற்றுவது தீ. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பழைய புல்லைக் கொளுத்தாவிட்டால் சில ஆண்டுகளில் செஞ்சீடர் மரம் புகுந்து மேய்ச்சலை மூடிவிடும். கொளுத்துவது தனியாள் வேலை அன்று. மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தண்ணீர்த் தொட்டி ஏற்றிய வண்டிகளோடு கூடி, காற்று போகும் பக்கத்து விளிம்பை முதலில் எரித்துக் கரிந்த பட்டை ஒன்றை உண்டாக்கிய பிறகே எதிர்ப்பக்கத்தில் தீ வைப்பார்கள். இன்று உன் நிலம், நாளை என் நிலம். உங்கள் மேலதிகாரி கல்லூரி வேலையிலிருந்து விடுப்பு எடுத்த நாள்களை அலுவலகப் பதிவில் பார்த்தால், ஏப்ரலில் பல இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

இதனால்தான் மேரியன் அம்மா சொல்வதிலிருந்து ஓரிடத்தில் மாறுபடுகிறேன். அந்தப் படைவீரர்கள் அவரோடு இப்படிப் புகைக்குள் நின்றவர்கள். காற்று திசை மாறும்போது யார் எங்கே நிற்பார் என்று தெரிந்துதான் அழைப்பார்கள், அழைக்கப்படுவார்கள். அவர் டென்வரில் என்ன செய்தார், ஏன் செய்தார் என்பது அவர்களுக்கு ஐம்பது ஆண்டுகளாகத் தெரியும். நீங்கள் அதை மறைத்துப் பேசினால்தான் அவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஒரே வாக்கியத்தில், தயங்காமல், சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அவரிடம் எத்தனை மாடுகள் இருந்தன என்று சொல்லாதீர்கள், யாரிடமும் கேட்காதீர்கள். இந்த நாட்டில் பண்ணைக்காரரிடம் மாட்டு எண்ணிக்கையைக் கேட்பது, வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம். 'ஓய்வு நேரத்தில் பண்ணை வைத்திருந்தார்' என்ற தொனியும் வேண்டாம். கன்று ஈனும் காலம் பிப்ரவரி, மார்ச்சில் வரும். கிடேரி முதல் ஈற்றில் திணறினால் இரவு இரண்டு மணிக்கும் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். குட்டையில் பனிக்கட்டி உடைக்காவிட்டால் மாடு தண்ணீர் குடிக்க முடியாது. அதை முடித்துவிட்டு எட்டு மணிக்கு அலுவலகம் வந்தவர் என்றால், அதை ஓய்வு நேர வேலை என்று அவருடைய அயலார் முன்னால் சொல்ல முடியுமா?

சட்டைப் பையில் சிறு நோட்டு வைத்திருந்தாரா? இங்கே தாய்ப்பசு வைத்திருக்கும் எவரிடமும் ஒன்று இருக்கும். காது வில்லை எண், கன்று பிறந்த தேதி, ஆணா பெண்ணா, தாய் சேர்த்துக்கொண்டதா என்றெல்லாம் எழுதுவார்கள். பேரப்பிள்ளைகள் ஃபோர் எச் என்ற சிறுவர் மன்றத்தில் இருந்தார்களா என்பதையும் விசாரியுங்கள். கோடையில் நடக்கும் மாவட்டக் கண்காட்சியில் சிறுவர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. தாயை இழந்த கன்றையோ, இரட்டையாய்ப் பிறந்து தாய் ஒதுக்கிய கன்றையோ, பிள்ளை தன் கையால் வாளியில் பால் கலக்கிக் கொடுத்து வளர்த்துக் கொண்டுவர வேண்டும். நடுவர் கன்றின் அழகைவிட, என்ன கொடுத்தாய், எப்போது கழிச்சல் வந்தது, என்ன செய்தாய் என்று பிள்ளையிடம் கேட்டே பரிசு தருவார். தாத்தா பக்கத்தில் நின்று பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது. பல தாத்தாக்களுக்கு அந்த ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது பெரும்பாடு.

மறுமொழி: தேர்வுத் துறை (ஓய்வு)

திருநெல்வேலியில் கல்லூரி ஒன்றின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு செய்திகள் மட்டும்.

அமெரிக்காவில் மாணவர் ஆவணங்களின் தனியுரிமைக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதை அங்கே பணியாற்றிய தாங்கள் அறிவீர்கள். சட்டம் ஆவணத்தைத்தான் கட்டுப்படுத்தும், நினைவைக் கட்டுப்படுத்தாது என்றாலும், கட்டணக் கெடு நிகழ்ச்சியைச் சொல்லும்போது எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று யாரும் ஊகிக்கும்படி ஒரு குறிப்பும் வரக் கூடாது. சிறிய ஊர், அந்தக் குடும்பங்களே அந்த ஆலயத்தில் உட்கார்ந்திருக்கலாம். யாழினி என்ற பெண்ணின் பெயரை இங்கே எழுதியிருக்கிறீர்கள். உண்மைப் பெயராக இருந்தால் மேடையில் சொல்லுமுன் அவரிடம் ஒரு மின்னஞ்சலில் அனுமதி வாங்கிவிடுங்கள். பதிவாளருக்குச் செய்யும் மரியாதையில் இதுவும் சேரும்.

இரண்டாவது, மேலே நண்பர் சட்டைப் பை நோட்டைப் பற்றி எழுதியதைப் படித்ததும், கன்றுக் கணக்கு நோட்டு, மாணவர் பதிவேடு, பேரப்பிள்ளைகளின் நாட்காட்டி என்ற மூன்றையும் ஒரே நூலில் கோத்து, 'எல்லாரையும் குறித்துவைத்த மனிதர்' என்று உரையை முடிக்கத் தங்களுக்கு ஆசை வரும். எனக்கே வந்தது. அதை அடக்கிக்கொள்ளுங்கள். பேச்சாளரின் சாமர்த்தியம் நினைவில் நிற்கும். இறந்தவர் பின்னால் போய்விடுவார். மாட்டுக்கு ஒரு விதமாகவும் மாணவனுக்கு இன்னொரு விதமாகவும் அவர் நடந்துகொண்ட இடங்களும் இருந்திருக்கும் அல்லவா? அவர் பொறுமை இழந்த தருணம் ஒன்று தங்களுக்குத் தெரிந்திருந்தால், குடும்பத்தார் சிரிக்கக்கூடியதாக இருந்தால், அதையும் சேர்க்கலாம்.

மறுமொழி: விச்சிட்டாவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மகளிடம் நெடுநேரம் பேசினேன். டென்வர் மருத்துவமனை குடும்ப வரலாற்றில் இருக்கிறது. ஆகவே மேய்ச்சல் புலம் ஐயா சொன்னபடி நான் ஒரே வாக்கியத்தில் தொட்டுச்செல்லப் போகிறேன். அதுவும் ஒரு காரணத்துக்காக: நீண்ட நாள் நோயில் கிடந்த எங்கள் அலுவலக உதவியாளரைப் பார்க்கப் போனபோது, செவிலியருக்குக் காத்திராமல், படுக்கை விரிப்பைச் சுருட்டி, அவரை வலிக்காமல் புரட்டிக் கிடத்தினார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, 'டென்வரில், அரசாங்கச் செலவில்' என்றார்.

பெயர் குறித்துக்கொண்டதை முழுமையாகச் சொல்வேன். அந்தப் பெண்ணின் பெயரை இங்கே மாற்றித்தான் எழுதியிருந்தேன். இப்போது அவருக்கு எழுதி, உண்மைப் பெயரைச் சொல்ல அனுமதியும் வாங்கிவிட்டேன். கட்டணக் கெடுவை எவரையும் சுட்டாமல் இரண்டு வாக்கியத்தில் முடிப்பேன். வசனத்தைக் காட்டி வாயடைத்தாரா என்று கேட்டிருந்தீர்கள் அம்மா. இல்லை. கல்விக் குழுக் கூட்டங்களில் ஜெபம் மிகச் சுருக்கமாக, தொடக்கத்தில் மட்டும் இருக்கும். ஒருமுறை பேராசிரியர் ஒருவர், வாக்கெடுப்பில் தாம் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும், நடுவில் நிறுத்தி ஜெபிப்போம் என்றார். 'முதலில் வாக்கெடுப்போம், பிறகு மன்னிப்புக் கேட்டு ஜெபிப்போம்' என்றார் இவர். பொறுமை இழந்த தருணத்துக்கு இதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மகள் தொலைபேசியிலேயே சிரித்துவிட்டார்.

வாளிப் பால் கன்றைப் பற்றிக் கேட்டேன். மூன்று பேரப்பிள்ளைகளும் வளர்த்திருக்கிறார்கள். கடைசிப் பேத்தியிடம் நடுவர், கன்று எவ்வளவு எடை என்று கேட்க, அவளுக்கு மறந்துபோயிற்றாம். வேலிக்கு வெளியே நின்ற தாத்தா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டாராம், உதட்டசைவைப் பார்த்து அவள் பதிலைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று. இதை நான் சொல்வதைவிடப் பேத்தியே சொல்வதுதான் முறை, அப்படியே ஏற்பாடாகியிருக்கிறது.

மேரியன் அம்மாவிடம் ஒரு சிறு கேள்வி: எழுதிய தாளைப் பார்த்து வாசிக்கலாமா, மனப்பாடமாகப் பேசுவதுதான் வழக்கமா? பிரதி யாருக்காவது கொடுக்க வேண்டுமா?

மறுமொழி: மேரியன் மருமகள்

தாராளமாகத் தாளைப் பார்த்தே வாசிக்கலாம் சகோதரரே. பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள், எழுத்துப் பெரிதாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பிரதி எடுத்துச்செல்லுங்கள். ஒன்று மகளுக்கு. மற்றொன்றை ஆலய அலுவலகத்தில் கொடுத்தால் குடும்ப வரலாற்றோடு சேர்த்துக் கோப்பில் வைப்பார்கள். இந்தச் சமூகத்தார் காகிதத்தைத் தூக்கி எறிவதில்லை. தமிழ்ப் பெயர் வரும் இடத்தில் அதைத் தமிழ் எழுத்திலும் ஒருமுறை எழுதிவையுங்கள். முன்னதாகவே போய், மேடைக்கு ஏறும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்க ஓரத்து இருக்கையில் அமர்ந்துகொள்வது நல்லது.